ஓட்டலுக்குப் பன்னிரண்டு மாதம். சிப்பந்திக்கு எத்தனை மாதம்?

மே மாதம் பிறந்து விட்டால் டில்லித் தமிழனுக்கு மூன்று கவலைகள். ஒன்று, குழாயில் தண்ணீர் வருமா என்பது. இரண்டாவது, பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்குமா என்பது. மூன்றாவது கவலை வீட்டுக்குள்ளிருந்தே எழும். "இந்த வருஷமாவது சிம்லாவுக்குக் கூட்டிப் போவீர்களா?" என்று மனைவியும் மக்களும் கேட்கிற கேள்விதான் அது.

சிம்லா என்றால் ஒரு காலத்தில் ஸீஸன் ஊர். ஏப்ரலில் கதவு திறக்கும். குளிர் வந்தால் மூடும். இன்று அப்படியில்லை. பெரிய மலை ஓட்டல்கள் பல கோடி ரூபாய் செலவில் புதுப்பிக்கப்படுகின்றன. அறைக்கு அறை ஹீட்டர், தேக்குத் தரை, கம்பளம், வெந்நீர் நீச்சல் குளம் என்று வசதிகள் வளர்ந்து விட்டன. வெளியே பனி கொட்டும்போது கண்ணாடிச் சுவருக்கு இப்பால் வெதுவெதுப்பான நீரில் மிதக்கலாம். கோடையில் வருகிறவர் உண்டு. மழையில் மேகம் பார்க்க வருகிறவர் உண்டு. பனி பார்க்க வருகிறவர் உண்டு. மாதக் கணக்கில் அறை எடுத்து அங்கேயே தங்கி விடுகிறவர்களும் இப்போது உண்டு. மலை ஓட்டல் பன்னிரண்டு மாத ஓட்டலாகி விட்டது.

இதில் நமக்கு என்ன வந்தது என்று கேட்கத் தோன்றும். ஒரு நாள் வாடகைக்கே ஒரு மாதச் சம்பளம் போதாதவனுக்கு அந்த ஓட்டல் ஆறு மாதம் திறந்தால் என்ன, ஆண்டு முழுவதும் திறந்தால் என்ன? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஓட்டலில் கம்பளம் தட்டுகிறவனும், தட்டு கழுவுகிறவனும், பெட்டி சுமக்கிறவனும் நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவர்கள். அவர்கள் பக்கம் நின்று இந்தப் புதுப்பிப்பைப் பார்த்தால்தான் அதன் உண்மையான லாப நஷ்டம் தெரியும்.

மேலே போன சர்க்கார்

1864ஆம் ஆண்டில் வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் காலத்தில் சிம்லா இந்தியாவின் கோடைத் தலைநகர் ஆயிற்று. கல்கத்தாவில் வெயில் ஏறியதும் வைஸ்ராய் மலை ஏறுவார். அவரோடு அதிகாரிகள், அவர்களோடு பெட்டி பெட்டியாகப் பைல்கள், பைல்களோடு குமாஸ்தாக்கள். பின்னர் தலைநகர் டில்லிக்கு மாறிய பிறகும் இந்த ஏற்றமும் இறக்கமும் நடந்தன. அந்தக் குமாஸ்தாக்களில் தமிழர்களும் இருந்தார்கள். மதராஸ் மாகாணத்தில் ஆங்கிலமும் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்று, வெகு தூரம் தாண்டி வந்து, மலையில் கம்பளி சுற்றிக்கொண்டு பேனா பிடித்தவர்கள் அவர்கள்.

கால்காவிலிருந்து சிம்லாவுக்குப் போகும் சின்ன ரயில் இந்தப் போக்குவரத்துக்காகவே பிறந்தது எனலாம். 1903இல் திறக்கப்பட்ட பாதை அது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். நீளம் சுமார் 96 கிலோமீட்டர். இன்று பயன்பாட்டில் உள்ள சுரங்கங்கள் 102. இவற்றில் பரோக் என்ற இடத்தில் உள்ள சுரங்கம் மட்டுமே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2008இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இந்தப் பாதையில் ஏறி இறங்கிய குமாஸ்தாவைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் இங்கே குறித்துக் கொள்ள வேண்டும். சர்க்கார் கீழே இறங்கிய நாளில் அவனுடைய ஊர் மாறியது, வீடு மாறியது, சம்பளம் மட்டும் நிற்கவில்லை. மலையில் ஸீஸன் முடிந்தது என்பதற்காக எந்தக் குமாஸ்தாவையும், "போய் விட்டு அடுத்த ஏப்ரலில் வா" என்று அனுப்பவில்லை.

ஆனால் அதே ஊரில் ரிக்‌ஷா இழுத்தவனுக்கும், மூட்டை சுமந்தவனுக்கும், ஓட்டல் சமையற்கட்டில் விறகு தள்ளியவனுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. துரை இறங்கிய நாளில் அவனுடைய கூலியும் இறங்கி விட்டது. அன்றைய சிம்லாவில் இரண்டு வகைப் பஞ்சாங்கம் நடந்தது. மாதச் சம்பளக்காரனுக்குப் பன்னிரண்டு மாதப் பஞ்சாங்கம். கூலிக்காரனுக்கு ஸீஸன் பஞ்சாங்கம்.

ஐம்பது ரூபாய் குமாஸ்தா

சிம்லா ஓட்டல்களைப் பற்றிப் பேசும்போது ஒரு குமாஸ்தாவின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1922இல் மோகன் சிங் ஓபராய் என்ற பஞ்சாபி இளைஞர் வேலை தேடி அந்த ஊருக்கு வந்தார். ஸெஸில் ஓட்டலில் மாதம் ஐம்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஓட்டல் தொழிலை விடாமல் பிடித்துக் கொண்டார். 1934இல் மனைவியின் நகைகளையும் அடகு வைத்து அதே சிம்லாவில் கிளார்க்ஸ் ஓட்டலை வாங்கினார். பின்னால் ஸெஸில் ஓட்டலே அவருடைய நிறுவனத்தின் கைக்கு வந்தது. பல ஆண்டு மூடிக் கிடந்து, புதுப்பிக்கப்பட்டு, 1997இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. சிம்லாவுக்கு மேலே சராப்ராவில், ஒரு காலத்தில் தளபதி கிச்சனர் தங்கியிருந்த இடத்தில் இருந்த ஓட்டல் 1993இல் தீக்கிரையாகி, புதுக் கட்டிடமாக 2001இல் திறக்கப்பட்டதும் இந்த வரிசையில் வரும்.

குமாஸ்தா முதலாளி ஆனார் என்று நாம் பெருமைப்படலாம். பெருமைப்படுவதோடு அதில் உள்ள பாடத்தையும் பார்க்க வேண்டும். ஒரு தொழிலில் ஒருவன் ஏற வேண்டுமானால், அந்தத் தொழிலில் அவன் நிலைத்திருக்க வேண்டும். ஐந்து மாதம் ஓட்டலில், ஏழு மாதம் செங்கல் சூளையிலோ வயலிலோ என்று அலைகிறவன் எந்தக் காலத்தில் தலைமைச் சமையற்காரன் ஆவான்? எப்போது கணக்கு எழுதக் கற்பான்? ஏணியை நட்டுவிட்டு, மூன்றாம் படியில் கால் வைத்ததும் கீழே இறக்கி விடுவது போன்றதுதான் ஸீஸன் வேலை.

ஏழு நாளும் பதினைந்து நாளும்

இப்போது கணக்குக்கு வருவோம். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தனியார் தொழிலாளிக்கும் உரிமை ஆக்கியது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களுக்கு அது பொருந்தும். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. அதிலும் அடிப்படைக் கணக்கு பழையதுதான். பணி புரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம். ஆனால் ஸீஸனில் மட்டும் நடக்கும் தொழிலில், ஸீஸனுக்கு மட்டும் வேலை பார்ப்பவனுக்கு, ஒரு ஸீஸனுக்கு ஏழு நாள் சம்பளம்.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிராஜுவிட்டிக்குரிய தினச் சம்பளம் 600 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பதினைந்து நாளுக்கு 9,000 ரூபாய். பத்து ஆண்டு உழைத்தால் 90,000. ஸீஸன்காரனுக்கு ஏழு நாளுக்கு 4,200. பத்து ஸீஸனுக்கு 42,000. வித்தியாசம் 48,000 ரூபாய். மலை கிராமத்தில் ஒரு பெண்ணின் கல்யாணச் செலவில் அது ஒரு பெரிய பங்கு.

ஓட்டல் பன்னிரண்டு மாதமும் திறந்திருந்தால் இந்த ஏழு நாள் பதினைந்து நாளாகி விடும் அல்லவா என்று யாரும் நினைப்பார்கள். அங்கேதான் சங்கடம். பதினைந்து நாள் கணக்கு கிடைக்க வேண்டுமானால் தொடர்ச்சியான பணி இருக்க வேண்டும். ஓர் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அந்த ஆண்டு தொடர்ச்சியான பணி. ஸீஸன் தொழிலில் இந்த நிபந்தனை வேறு: தொழில் நடந்த நாட்களில் முக்கால் பங்கு வேலை பார்த்திருந்தால் போதும். இப்போது ஏப்ரலில் வந்து ஆகஸ்டில் அனுப்பப்படும் ஒரு சிப்பந்தியை எடுத்துக் கொள்ளுங்கள். அவன் வேலை பார்த்தது சுமார் 150 நாள். ஓட்டல் ஸீஸன் ஓட்டலாக இருந்த வரையில் ஏழு நாள் கணக்காவது அவனுக்கு இருந்தது. ஓட்டல் ஆண்டு முழுவதும் நடக்கும் ஓட்டலாகி விட்டால் அது ஸீஸன் தொழில் அல்ல. 240 நாள் நிபந்தனை வந்து விடுகிறது. 150 நாள் பார்த்தவனுக்குப் பதினைந்து நாளும் இல்லை. பழைய ஏழு நாளும் இல்லை.

புதிய சட்டத்தில் ஒப்பந்தக் கால ஊழியருக்கு ஐந்து ஆண்டு காத்திருக்காமல், ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டி என்ற நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ஒப்பந்தமே ஐந்து மாதம் என்றால் அந்த நன்மையும் எட்டாக் கனிதான். விருந்தினருக்காகத் திறந்த கதவு, சிப்பந்திக்கு இருந்த சின்ன ஜன்னலையும் மூடி விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே எந்த ஓட்டலையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது நோக்கமல்ல. நல்ல முறையில் நிரந்தரப் பணி தருகிற ஓட்டல்களும் உண்டு. ஆனால் சட்டத்தில் இப்படி ஒரு சந்து இருக்கும்போது, அதில் நுழைகிறவர்களும் இருப்பார்கள்.

ரயில்வேயில் நடந்தது

இந்த வித்தை நம்மவர்களுக்குப் புதிதல்ல. ரயில்வேயில் காஷுவல் லேபர் என்று இருந்தவர்களின் கதை பலருக்கு நினைவிருக்கும். பாலம் கட்டும்போது வேலை. பாலம் முடிந்தால் வீடு. அடுத்த வேலையில் மீண்டும் முதல் நாள் கணக்கு. பத்தாண்டு தண்டவாளத்தில் உழைத்தவனும் ஏட்டில் நேற்று வந்தவனாகவே இருந்தான். 1985இல் இந்தர்பால் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 360 நாள் தொடர்ந்து வேலை பார்த்த திட்டப்பணித் தொழிலாளர்களைப் படிப்படியாகத் தற்காலிகப் பணியாளர்களாக ஏற்கும் திட்டம், திருத்தங்களோடு அமலுக்கு வந்தது. அதனால் ரயில்வே மூழ்கி விடவில்லை. ரயில் ஓடிக் கொண்டுதான் இருக்கிறது. வேலை நிரந்தரமாக இருக்கும் இடத்தில் வேலைக்காரனை மட்டும் தற்காலிகமாக வைத்திருப்பது நியாயமல்ல என்பதை அந்தக் கதை காட்டுகிறது.

மலை ஓட்டலுக்கும் அதே நியாயம்தான். அறை பன்னிரண்டு மாதமும் வாடகைக்குப் போகிறது. நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அறை வாடகை 20,000 என்றால் ஓர் இரவுக்கு வரி மட்டும் 3,600 ரூபாய். நாம் மேலே போட்ட கணக்கில், ஒரு சிப்பந்தியின் ஆறு நாள் சம்பளம் அது. ஓட்டலுக்குப் பன்னிரண்டு மாத வருமானம். சர்க்காருக்குப் பன்னிரண்டு மாத வரி. படுக்கை விரிப்பவனுக்கு மட்டும் ஐந்து மாதச் சம்பளம் என்றால் அது எந்த ஊர்க் கணக்கு?

முதலாளி சொல்லும் பதில்

ஓட்டல்காரர்கள் இதற்குப் பதில் சொல்லாமல் இல்லை. "மே, ஜூனில் எல்லா அறையும் நிரம்புகிறது. பிப்ரவரியில் பாதி காலி. ஹீட்டருக்கு மின்சாரச் செலவு வேறு. மழைக்காலத்தில் பாதை அடைந்து விட்டால் ஈ காக்கை வராது. வேலை இல்லாத நாளிலும் எல்லோருக்கும் சம்பளம் கொடுத்தால் ஓட்டலை விற்க வேண்டியதுதான்" என்பார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. 2020இல் மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது அந்த ஆண்டின் கோடை ஸீஸன் அப்படியே போயிற்று. 2023 ஜூலையிலும் ஆகஸ்டிலும் இமாசலத்தில் பெய்த பேய்மழை மறக்கக் கூடியதல்ல. ஆகஸ்ட் 14 அன்று சம்மர்ஹில்லில் மலை சரிந்து சிவன் கோவிலை அடித்துச் சென்றது. பல உயிர்கள் போயின. கால்கா – சிம்லா ரயில் பாதையின் அடியில் மண் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அந்த மாதிரிக் காலத்தில் ஓட்டல் முதலாளிக்கும் நஷ்டம்தான்.

ஆனால் நஷ்டத்தைத் தாங்க முதலாளிக்கு வங்கி இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது. பெட்டி சுமப்பவனுக்கு இருப்பது முதுகு மட்டும். பாதை அடைந்து விருந்தினர் மாட்டிக் கொண்டால், இருக்கிற அரிசியையும் பருப்பையும் வைத்து அவர்களுக்கு மூன்று வேளை சோறு போடுகிறவனும் அவன்தான். பாதை திறந்து விருந்தினர் இறங்கிப் போன மறுநாள், "ஆள் குறைக்கிறோம்" என்று அவனையும் இறக்கி விடுவது என்ன நீதி?

வழி இல்லாமல் இல்லை. அன்றைய சர்க்கார் செய்ததையே செய்யலாம். மலையில் ஆள் தேவைப்படாத மாதங்களில், சமவெளியிலும் ஓட்டல் வைத்திருக்கிற நிறுவனம் தன் சிப்பந்திகளை அங்கே மாற்றலாம். ராஜஸ்தானிலும் கோவாவிலும் குளிர்காலம்தான் ஸீஸன். ஒரே ஓட்டல் வைத்திருப்பவர்கள், கூட்டமில்லாத மாதங்களில் சம்பளத்தோடு கூடிய விடுமுறையை முறை வைத்துக் கொடுக்கலாம். அதுவும் முடியாதென்றால், சென்ற ஸீஸனில் வேலை பார்த்தவனையே அடுத்த ஸீஸனில் முதலில் அழைத்து, அவனுடைய பழைய நாட்களையும் சேர்த்துக் கணக்கில் எழுதலாம். சர்க்காரும் தன் பங்குக்கு, ஆண்டு முழுவதும் நடக்கும் ஓட்டலில் ஸீஸனுக்கு மட்டும் வேலை பார்ப்பவனுக்குக் குறைந்தது அந்தப் பழைய ஏழு நாளையாவது சட்டத்தில் உறுதி செய்ய வேண்டும். இவை ஒன்றும் நடக்காத காரியங்கள் அல்ல.

கதவு யாருக்குத் திறக்கிறது?

பழைய மாளிகையைப் புதுப்பித்து ஆண்டு முழுவதும் திறப்பது நல்ல காரியமே. அதற்குச் சிம்லாவிலேயே இரண்டு சான்றுகள் இருக்கின்றன. 1888இல் கட்டி முடிந்த வைஸ்ராய் மாளிகை, ஆண்டில் சில மாதங்கள் ஒரு துரைக் குடும்பம் தங்குவதற்காக எழுந்தது. விடுதலைக்குப் பின் அது ஜனாதிபதியின் மாளிகையாக இருந்தது. திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியாக இருந்தபோது, 1965இல், அங்கே இந்திய உயர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. துரை தூங்கிய இடத்தில் அறிஞர்கள் படிக்கிறார்கள். இன்னொன்று கிராண்ட் ஓட்டல். பெயரைக் கேட்டால் கோடீஸ்வரர் தங்கும் இடம் போல இருக்கும். ஆனால் அது மத்திய அரசு ஊழியர்களுக்கான விடுமுறை இல்லம். எல்.டி.சி.யில் போகும் ஒரு குமாஸ்தா தன் குடும்பத்தோடு அங்கே தங்க விண்ணப்பிக்கலாம். பெரிய கட்டிடத்தின் கதவு புதிய மனிதர்களுக்குத் திறந்தால்தான் அது பெருமை. பழைய விருந்தினருக்கே இன்னும் ஆறு மாதம் கூடுதலாகத் திறப்பதில் என்ன பெருமை?

இது சிம்லாவோடு நிற்கிற விஷயமும் அல்ல. முஸௌரி, நைனிதால், மணாலி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 1870 முதல் மதராஸ் சர்க்காரின் கோடை வாசஸ்தலமாக இருந்த நம் ஊட்டிக்கும் பொருந்தும்.

டில்லியில் இருக்கும் தமிழர்கள் செய்யக் கூடியது ஒன்று உண்டு. சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் ஓட்டல் வேலைக்கென்று வடக்கே வரும் பையன்கள் நம் வீட்டு வாசலில்தான் முதலில் பெட்டியை வைக்கிறார்கள். அண்ணன் மகன், மச்சினன், அடுத்த தெருப் பிள்ளை என்று ஏதோ ஓர் உறவு இருக்கும். அவனுக்குச் சோறு போட்டு, கால்கா ரயிலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்து விடுவதில்லை. நியமனக் கடிதம் கேட்டு வாங்கச் சொல்ல வேண்டும். இப்போது ஒவ்வொரு தொழிலாளிக்கும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதில் எத்தனை மாத வேலை என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துச் சொல்ல வேண்டும். பி.எப். எண் வந்ததா என்று பார்க்க வேண்டும். வேலைக்குப் போன நாட்களை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். 239 நாளா, 240 நாளா என்ற வழக்கு வரும்போது அந்த நோட்டு பேசும். ஆபீஸில் அடுத்தவர் பைலைப் பார்த்தே தலைமுடி நரைத்த நமக்கு இது பெரிய வேலை அல்ல.

இன்னொன்றும் செய்யலாம். என்றாவது ஒரு நாள் சிம்லா போகிறோம். பெரிய ஓட்டலில் தங்க முடியாவிட்டாலும், குடும்பத்தோடு உள்ளே போய் ஒரு டீ குடிக்க முடியும். டீ கொண்டு வரும் பையனிடம் பனி எப்போது விழும், எந்த ஜன்னலில் மலை நன்றாகத் தெரியும் என்றெல்லாம் கேட்போம். அதோடு, "தம்பி, ஜனவரியில் நீ எங்கே இருப்பாய்?" என்றும் கேட்க வேண்டும். "இங்கேதான் சார்" என்று அவன் சொன்னால், அந்த ஓட்டல் உண்மையிலேயே ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது.